தங்க நிற பி.எஸ்.ஏ.வும் அதில் பொருத்திய ராக்கெட்டும்

பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரத்தில் பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள். எஸ்.எல்.ஆர். வைத்திருந்த பையனுக்கு வகுப்பில் தனி மரியாதை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்து அனுப்பியது. அந்த மூன்று எழுத்துக்கு விரிவு என்னன்னு கேட்டால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். அதாவது பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனி. நாம் பெடல் மிதித்தது ஒரு துப்பாக்கிக் கம்பெனியின் பேரில்.

இந்தப் பதிவு சைக்கிள் பற்றியது இல்லை. அதே பேர் தாங்கிய ஒரு மோட்டார்சைக்கிள் பற்றியது. 1965இல் வந்த 'தண்டர்பால்' என்ற ஜேம்ஸ்பாண்ட் படத்துக்காக பி.எஸ்.ஏ. லைட்னிங் வண்டியில் ராக்கெட் பொருத்தினார்கள். சினிமாவில் வந்த மோட்டார்சைக்கிள்களில் அதிகம் பேசப்பட்ட வண்டிகளில் அது ஒன்று. "ராக்கெட் விட்டுச்சு, கார் வெடிச்சுது" என்பதற்கு மேல் அதைப் பற்றி யாரும் விளக்கிப் பார்த்ததில்லை. உண்மையிலேயே ஒரு பைக்கிலிருந்து ராக்கெட் விட முடியுமா? துப்பாக்கியை விட்டுவிட்டு ராக்கெட்டை ஏன் எடுத்தார்கள்? ஓட்டுகிறவருக்கு என்ன ஆகும்? இதைத்தான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கப்போகிறேன்.

முதலில் கம்பெனியின் கதை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்த காலத்தில், பிரிட்டனின் துப்பாக்கித் தொழிலுக்கு இரண்டே தலைநகரங்கள். ஒன்று லண்டன், இன்னொன்று பர்மிங்காம். பர்மிங்காமில் அது குடிசைத் தொழில் மாதிரி. ஒருத்தர் குழல் அடிப்பார், ஒருத்தர் விசை செய்வார், இன்னொருத்தர் மரக்கட்டை இழைப்பார். நம்ம பக்கம் தீப்பெட்டி வேலை வீடு வீடாகப் பிரிந்து நடந்த மாதிரின்னு வச்சுக்குங்க. 1850களில் பிரிட்டிஷ் அரசாங்கம் என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த தன் ஆயுதச் சாலையில் அமெரிக்க இயந்திரங்களை இறக்கியது. ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம் என்ற நிலை வந்தது. கையால் ராவிச் செய்த கொல்லர்களுக்குப் பிழைப்பு ஆட்டம் கண்டது. அவர்கள் கூடி, தாங்களும் இயந்திரச் சாலை வைப்பது என்று முடிவு செய்து 1861இல் தொடங்கியதுதான் பி.எஸ்.ஏ.

யுத்தம் இல்லாத வருஷங்களில் துப்பாக்கிக்கு ஆர்டர் கிடையாது. இயந்திரம் சும்மா கிடக்கும். துல்லியமாக இரும்பு கடையத் தெரிந்தவர்கள் வேறு என்ன செய்யலாம்? 1880இல் சைக்கிள், 1910இல் மோட்டார்சைக்கிள். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்துக் கூம்பாக நிறுத்தி வைத்ததுதான் கம்பெனியின் சின்னம். மோட்டார்சைக்கிளுக்கும் அதே சின்னம் வந்தது. என்ஃபீல்டு ஆயுதச் சாலைக்குப் பாகம் செய்து கொடுத்த ரெடிச் கம்பெனி அந்த ஊர்ப் பேரை எடுத்துக்கொண்டதுதான் ராயல் என்ஃபீல்டு. 1955இல் அது சென்னை திருவொற்றியூருக்கு வந்து, நம்ம புல்லட் ஆனது. ஆக, நமக்குப் பழக்கமான இரண்டு ஆங்கிலப் பேர்களுமே துப்பாக்கிப் பட்டறையில் பிறந்தவை.

இரண்டாம் உலகப் போரில் எம்20 என்ற பட்டாள வண்டியை மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் பி.எஸ்.ஏ. செய்து கொடுத்தது. 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் பர்மிங்காம் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் குண்டு போட்டு 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். போருக்குப் பிறகு 1951இல் ட்ரையம்ப் கம்பெனியையும் வாங்கி, உலகத்திலேயே பெரிய மோட்டார்சைக்கிள் நிறுவனமாக நின்றது. 1957இல் சைக்கிள் பிரிவை மட்டும் ராலே கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அந்த வழியில்தான் பேர் சுற்றிச்சுற்றி அம்பத்தூர் சைக்கிளில் வந்து ஒட்டியது. மோட்டார்சைக்கிள் பி.எஸ்.ஏ. வேறு, சைக்கிள் பி.எஸ்.ஏ. வேறு என்று ஆனது அப்போதுதான்.

இனி படம். டெரன்ஸ் யங் இயக்கம், ஷான் கானரி பாண்ட். கவுண்ட் லிப்பே என்ற ஒரு அடியாள், வில்லன் கூட்டத்தின் நம்பிக்கையை இழந்தவன். ஃபோர்டு ஸ்கைலைனர் காரில் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினைத் துரத்திக்கொண்டு போகிறான். பின்னால் தங்க நிறத்தில் ஒரு மோட்டார்சைக்கிள். ஓட்டுகிறவர் உச்சி முதல் பாதம் வரை தோல் உடை, தலையில் ஹெல்மெட். வண்டியின் முகப்பிலிருந்து ராக்கெட் சீறிப் போகிறது, லிப்பேயின் கார் தீப்பந்தாகிறது. வண்டி வந்த வேகத்தில் போய்விடுகிறது. பிறகு ஒரு ஏரிக்கரையில் வண்டியைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினால், பெண். ஃபியோனா வோல்ப்பே என்ற அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் இத்தாலிய நடிகை லூச்சியானா பலூஸி. ஃபிளெமிங்கின் நாவலில் இப்படி ஒரு பெண்ணே கிடையாது. அங்கே மோட்டார்சைக்கிளில் வரும் ஆள் கைக்குண்டு வீசிவிட்டுப் போவான், அவ்வளவுதான்.

கைக்குண்டு ராக்கெட்டாக மாறியதற்குக் காரணம் எளிது. முந்தைய வருஷம் வந்த 'கோல்டுஃபிங்கர்' படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் காருக்குள் துப்பாக்கியும் தூக்கியெறியும் இருக்கையும் வைத்து உலகத்தையே வாய்பிளக்க வைத்திருந்தார்கள். அதே ஜான் ஸ்டியர்ஸ்தான் இந்தப் படத்துக்கும் தந்திரக் காட்சிகளின் பொறுப்பாளர். இந்தப் படத்துக்கு அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது. பின்னாளில் ஸ்டார் வார்ஸ் படத்துக்கும் ஒன்று வாங்கினார். கார் செய்ததை மோட்டார்சைக்கிளும் செய்யட்டும் என்ற ஆசை. நம்ம ஊரிலும் அந்தக் காற்று அடித்தது. அடுத்த வருஷம் 1966இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்' எடுத்து ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆக்கியது.

எடுத்த வண்டி பி.எஸ்.ஏ. ஏ65 லைட்னிங். இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றும் 75 மி.மீ. விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 74 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 654 சிசி வரும். இரண்டு கார்புரேட்டர். எடை 180 கிலோ சுமாருக்கு. மணிக்கு 160 கி.மீ.யைத் தாண்டும். 1965இல் அது சாதாரண விஷயம் இல்லை. இதன் ஒரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வரும். உலக்கை இரண்டையும் ஒரே நேரத்தில் போடுகிற மாதிரி. அதனால் வேகம் கூடக்கூட அதிர்வு கை, கால், பல் வரைக்கும் ஏறும். கிராங்க்கின் ஒரு பக்கத்தில் வெறும் புஷ் தாங்கி இருந்தது. ஆயில் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். புஷ் தேய்ந்தால் ஆயில் கசிந்து, கனெக்டிங் ராடுக்குப் போகாமல் என்ஜின் உட்கார்ந்துவிடும். இன்றைக்கும் ஏ65 வைத்திருப்பவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான்.

படத்துக்காகச் செய்த மாற்றங்கள் மூன்று. தங்க நிறப் பெயின்ட், ரேஸ் வண்டி மாதிரி முன்பக்கத்தை மூடும் ஏவன் கம்பெனியின் கவசம், அந்தக் கவசத்தின் இரண்டு பக்கமும் ராக்கெட் குழாய்கள். என்ஜினில் கை வைக்கவில்லை. கவசம் வெறும் அழகுக்கு இல்லை, குழாய்களைத் தாங்க ஓர் இடம் வேண்டும். ஹேண்டில்பாரில் கட்டினால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்ப்போம். இந்த மாதிரி ரேஸ் கவசம் வண்டியின் சட்டத்தில் பொருத்தப்படும், ஹேண்டிலோடு திரும்பாது. இன்னொன்று, இது காற்றில் குளிரும் என்ஜின். கவசம் போட்டால் சிலிண்டருக்கு வரும் காற்றில் பாதி போச்சு. இங்கிலாந்துக் குளிரில் பரவாயில்லை. அக்கினி நட்சத்திரத்தில் கோவில்பட்டி பைபாஸில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போனால் அன்றைக்கே பிஸ்டன் பிடித்துவிடும்.

இப்போது முக்கியமான கேள்வி. ஏன் துப்பாக்கி வேண்டாம், ராக்கெட் வேண்டும்?

துப்பாக்கி சுட்டால் பின்னுதை உண்டு. முன்னால் போகிற குண்டுக்கு எவ்வளவு உந்தமோ அவ்வளவு பின்னால் துப்பாக்கிக்கும் கிடைக்கும். உந்தம் என்பது எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது. 10 கிராம் குண்டு விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போனால் உந்தம் 8. வண்டி 180 கிலோ, ஆள் 60 கிலோ, மொத்தம் 240. எட்டை 240ஆல் வகுத்தால் ஒரு குண்டுக்கு வண்டி இழப்பது விநாடிக்கு மூன்று சென்டிமீட்டர். இது கொசு கடிச்ச மாதிரி. விநாடிக்குப் பத்து குண்டு சுடும் இயந்திரத் துப்பாக்கி என்றால் ஏறக்குறைய 8 கிலோ பாரத்தோடு பின்னால் இழுக்கிற மாதிரி இருக்கும். அதுவும் தாங்கக்கூடியதே.

சிக்கல் அந்த விசை எந்த இடத்தில் விழுகிறது என்பதில். நடுவில் விழுந்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி ஹேண்டில்பாரின் ஒரு முனையில் கட்டியிருந்தால், அந்த 8 கிலோ ஹேண்டிலை ஒரு பக்கமாக முறுக்கும். வேகமாகப் போகிற மோட்டார்சைக்கிளை நாம் திருப்புவது அந்த மாதிரி சின்ன முறுக்கை வைத்துத்தான். ஆக, சுடுகிற ஒவ்வொரு முறையும் துப்பாக்கியும் ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பும். ஓட்டுகிற ஆள் ஒருத்தர், ஹேண்டில் பிடிக்கிறது இரண்டு பேர்.

ரைஃபிள் குண்டு காரை வெடிக்க வைக்காது. அதற்கு ஒரு கிலோ எடையில் குண்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 300 மீட்டர் வேகம் என்றால் உந்தம் 300. வண்டியின் வேகம் கண் மூடித் திறப்பதற்குள் மணிக்கு நாலரை கி.மீ. குறையும். இதையாவது இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கலாம். பீரங்கிக் குழல் நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருந்தால் வண்டி முழுவதும் பக்கவாட்டில் சுழலத் தொடங்கும். என் உத்தேசக் கணக்கில் விநாடிக்கு 140 டிகிரி. அரை விநாடியில் வண்டி குறுக்கே நிற்கும். பிறகு எலும்பு மருத்துவமனைதான்.

பட்டாளத்துக்காரர்களுக்கு இது முன்னமே தெரியும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் க்ளைனோ மோட்டார்சைக்கிளில் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி வைத்தது. ஆனால் சைடுகாரில் வைத்தது, மூன்று சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும். 1950களில் பிரெஞ்சுக்காரர்கள் வெஸ்பா ஸ்கூட்டருக்குள்ளேயே 75 மி.மீ. பீரங்கியைச் செருகினார்கள். பார்த்தால் சிரிப்பு வரும், உண்மையான ராணுவ வண்டி. அது பின்னுதை இல்லாத வகைப் பீரங்கி, பின்பக்கமும் வாயு வெளியேறும். அப்படியும் அதை இறக்கி முக்காலியில் வைத்துத்தான் சுடுவது என்று வைத்திருந்தார்கள்.

ராக்கெட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. அது தன் வாயுவைத் தானே பின்னால் கக்கிக்கொண்டு போகிறது. இரண்டு முனையும் திறந்த குழாயில் வைத்தால் குழாய்க்கு உதை விழாது. தீபாவளிக்கு ராக்கெட் வெடியைக் காலி பாட்டிலில் வைத்து விடுகிறோமே, பாட்டில் எப்போதாவது பின்னால் பாய்ந்து உடைந்திருக்கிறதா? அதே கதைதான். ஆக ஸ்டியர்ஸ் குழு ராக்கெட்டைத் தேர்ந்தெடுத்தது பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக மட்டும் இருந்திருந்தாலும், இயற்பியல் அவர்கள் பக்கம்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. வெடி ராக்கெட்டின் நீளக் குச்சிதான் அதை நேராக வைத்திருப்பது. ஆனால் கிளம்புகிற முதல் நொடியில் வேகம் குறைவு, குச்சிக்கோ சிறகுக்கோ காற்றுப் பிடிமானம் இருக்காது. அப்போது பக்கக் காற்று அடித்தால் ராக்கெட் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொள்ளும். சித்திரை மாதக் கொடையில் விட்ட ராக்கெட் பக்கத்துத் தெருக் கூரைக்குப் போவது இதனால்தான். ஓடுகிற வண்டியில் கதை வேறு. மணிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 28 மீட்டர் காற்று நேர் எதிரே வீசிக்கொண்டே இருக்கிறது. குழாயை விட்டு வெளியே வருமுன்பே சிறகுகளுக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். இரண்டாம் உலகப் போரில் டைஃபூன் விமானங்கள் இறக்கைக்கு அடியில் வெறும் தண்டவாளத்தில் ராக்கெட்டை மாட்டி விட்டது இந்தத் தைரியத்தில்தான்.

இவ்வளவு சாதகம் இருந்தும் நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன். காரணம் இரண்டு.

ஒன்று, குறி. வண்டியின் மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கேதான் ராக்கெட் போகும். பிரேக் பிடித்தால் முன் ஷாக் அமுங்கி மூக்கு தாழும். மூன்று டிகிரி தாழ்ந்தால் போதும், 30 மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் கீழே போய் ராக்கெட் தார் ரோட்டில் குத்தும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மூக்கு தூக்கி, கார் கூரைக்கு மேலே பறக்கும். ஒரே வேகத்தில், ஒரே நேர்கோட்டில், மேடு பள்ளம் இல்லாத ரோட்டில் ஓட்டினால்தான் படும். அப்படி ரோடு எங்கே இருக்கும்? ரேஸ் மைதானத்தில். அந்தக் காட்சியை எடுத்ததும் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தில்தான்.

இரண்டு, பின்பக்க நெருப்பு. குழாயின் பின்வாய்க்கு நேரே இருப்பது ஓட்டுகிறவரின் கையும் முழங்காலும். இது கற்பனைப் பயம் இல்லை. 1942இல் வந்த அமெரிக்க பஸூக்கா தோளில் வைத்து விடும் ராக்கெட் குழாய். மருந்து முழுவதும் குழாய்க்குள்ளேயே எரிந்து முடிந்தால் பிரச்சினை இல்லை. முடியாமல் வெளியே போயும் எரிந்தால் நெருப்புப் பொறி விட்டவர் முகத்திலேயே வந்து விழும். அதற்காக முதல் மாடல்களில் குழாயின் முன்வாயில் கம்பிவலையே போட்டார்கள். மோட்டார்சைக்கிளில் இன்னும் மோசம். ஓட்டுகிறவர் தான் விட்ட ராக்கெட்டின் புகைக்குள்ளேயே ஓடிப் புக வேண்டும். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயு ஆகாது, திடத் தூளாகத்தான் மிதக்கும். அந்தக் கெட்டிப் புகை அதுதான். தீபாவளி மறுநாள் காலையில் சாத்தூர் ரோட்டில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு விநாடி கண் மறைந்தால் 28 மீட்டர் குருட்டோட்டம், எதிரே எரிகிற கார்.

அதனால்தான் சினிமாவில் இதை இரண்டு வேலையாகப் பிரிப்பார்கள். பைக்கிலிருந்து பறக்கிற ராக்கெட் வெறும் புகையும் சீற்றமும், அதில் வெடிதலை இருக்காது. காரை வெடிக்க வைப்பது காருக்குள்ளேயே வைத்த தனி மருந்து, தனி ஒயர், தனி ஆள். ஒயரின் முனையில் மெல்லிய கம்பி, அதைச் சுற்றி ஒரு துளி மருந்து. பேட்டரி மின்சாரம் பாய்ந்தால் கம்பி சிவந்து பற்றும். தீப்பெட்டி மருந்துக்கும் அதற்கும் கொள்கையில் பெரிய தூரம் இல்லை, கோவில்பட்டிக்காரர்களுக்கு அரை நாளில் புரிந்துவிடும். படத்தொகுப்பாளர் இரண்டு ஷாட்டையும் ஒட்டியதும் நம் மூளை மீதியைச் செய்துகொள்கிறது.

ராக்கெட் என்றதும் ஒரு சின்ன விலகல். பிரிட்டிஷ் வண்டியில் பிரிட்டிஷ் ராக்கெட் என்று நினைப்போம். வாணம் சீனாக்காரன் சொத்து, சரி. ஆனால் இரும்புக் குழாயில் மருந்தை அடைத்துப் போர்க்களத்தில் ஆயிரக்கணக்கில் விட்டவர்கள் மைசூர் ஹைதரும் திப்புவும். 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை சிதறியபோது இந்த வாணங்கள் அங்கே இருந்தன. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. அங்கே பிடித்த ராக்கெட்டுகள் இங்கிலாந்தில் வூல்விச் ஆயுதச் சாலைக்குப் போயின. அதைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். அதே 1799 செப்டம்பரில்தான் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தது, அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது. அமெரிக்காவில் வாலப்ஸ் ராக்கெட் தளத்தில் திப்புவின் ராக்கெட் படையை வரைந்த ஓவியம் மாட்டியிருந்ததைப் பார்த்து நெகிழ்ந்ததாக அப்துல் கலாம் 'அக்கினிச் சிறகுக'ளில் எழுதியிருக்கிறார். துப்பாக்கி பர்மிங்காமில் இருந்து இங்கே வந்தது, ராக்கெட் இங்கேயிருந்து அங்கே போனது. தங்க நிற லைட்னிங்கில் இரண்டும் சந்தித்துக்கொண்டதாக எனக்கு ஒரு நினைப்பு. கொஞ்சம் அதிகப்படியான நினைப்புத்தான், விடுங்க.

சரி, வண்டியை ஓட்டியது யார்? பலூஸி இல்லை. பில் ஐவி என்ற மோட்டார்சைக்கிள் பந்தய வீரர். கென்ட் பகுதிக்காரர், 1942இல் பிறந்தவர், அப்போது 22 வயசு இருக்கும். ஆள் குள்ளம், மெலிந்த உடம்பு. பெண்ணுக்கு மாற்றாகத் தோல் உடை போட்டால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. வேகமும் வேண்டும், ஆணி அடித்த மாதிரி நேர்கோடும் வேண்டும், பக்கத்தில் நெருப்பும் இருக்கும் என்றால் சினிமா ஸ்டன்ட் ஆளைவிடப் பந்தயக்காரர்தான் சரி. மேலே சொன்ன மூன்று டிகிரிக் கணக்கைக் கையாலும் முதுகாலும் தெரிந்து வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்தக் காருக்குள் இருந்தவர் பாப் சிம்மன்ஸ், பாண்ட் படங்களின் மூத்த ஸ்டன்ட் மனிதர். தீப்பிடித்த காரிலிருந்து அவர் நழுவி வெளியேறியது தெரியாமல், உள்ளேயே போய்விட்டாரோ என்று இயக்குநர் பதறிய கதை அவர் சுயசரிதையில் வருகிறது.

திரையில் ஹெல்மெட் கழன்றதும் தெரிகிற முகம் பலூஸியுடையது. நம்ம ஊர்ப் படங்களிலும் கதாநாயகன் பைக்கில் சுவரைத் தாண்டும்போது உள்ளே இருக்கிற ஆளின் பேர் நமக்குத் தெரியாது. ஐவி விஷயத்தில் பேர் தெரிவதற்குக் காரணம் சினிமா இல்லை. 1967இல் யமஹா வண்டியில் 125 சிசி பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். 1969 ஜூலையில் கிழக்கு ஜெர்மனியின் சாக்சன்ரிங் தடத்தில், ஜாவா வண்டியில் பயிற்சி ஓட்டத்தின்போது விழுந்து இறந்தார். வயசு 26.

கம்பெனிக்கும் ஆயுசு அதிகம் இருக்கவில்லை. உலகத்தின் பெரிய படத்தில் தங்க நிறத்தில் வந்து நின்ற வண்டி, எட்டே வருஷத்தில் கம்பெனி காலி. ஜப்பான்காரன் அடித்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மைதான். 1969இல் ஹோண்டா சிபி750 நாலு சிலிண்டர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பட்டன் ஸ்டார்ட் என்று வந்தது. என்ஜினில் ஆயில் சொட்டவில்லை. பி.எஸ்.ஏ. அப்போதும் இரண்டு பிஸ்டனையும் ஒன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அந்தத் தேய்கிற புஷ்ஷை அப்படியே வைத்துக்கொண்டு, உதைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னது. படத்து வண்டியில் என்ஜினைத் தொடாமல் பெயின்ட்டையும் கவசத்தையும் மட்டும் மாற்றினார்கள் என்று மேலே சொன்னேனே, தொழிற்சாலையும் ஏறக்குறைய அதையேதான் செய்துகொண்டிருந்தது என்பது என் அபிப்பிராயம். 1973இல் நார்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ப் என்ற கூட்டு நிறுவனத்துக்குள் பி.எஸ்.ஏ. கரைந்தது. 

பேரை 2016இல் மகிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் வாங்கியது. 2021 டிசம்பரில் புதிய கோல்டு ஸ்டாரை இங்கிலாந்தில் காட்டினார்கள், 2024 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் விற்பனைக்கு விட்டார்கள். 652 சிசி, ஒற்றைச் சிலிண்டர். எங்க பக்கத்து மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனில் படம் காட்டினேன். "பி.எஸ்.ஏ.ல மோட்டார் வண்டியும் வந்துட்டா?" என்றார். அறுபது வருஷத்துக்கு முன்னாடி ராக்கெட்டே வந்ததுன்னு சொல்லி அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை ஏரிக்குள் தள்ளும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, தண்ணீருக்குள் போன கார்புரேட்டரையும் மேக்னட்டையும் கழற்றிக் காய வைத்து மாட்ட எத்தனை நாள் ஆகும் என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.